வாசல் மேசை

12 மார்ச் 1957

சிங்கப்பூரிலிருந்து பலகை வந்துவிட்டது. ‘ஜீவரசம் ஆரோக்கிய பானம் – மலாக்கா கிளை’. கீழே சின்ன எழுத்தில் இரத்த சோகை, நரம்புத் தளர்ச்சி, நெஞ்சுச் சளி, எல்லாவற்றுக்கும் நல்லது என்று போட்டிருக்கிறது. படித்தாலே காய்ச்சல் வரும்போல இருக்கிறது என்றேன். அப்பா முறைத்தார். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையை விட்டுவிட்டுக் கிளை எடுத்திருக்கிறார். சிரிக்கிற நிலைமையில் இல்லை.

18 மார்ச்

காஜா பேராங் தெருவில் கடை திறந்தோம். பப்பாளி, வாழைப்பழம், பால், ஊறவைத்த பாசிப்பயறு எல்லாவற்றையும் மின்சார மெஷினில் போட்டு அடிக்க வேண்டும். சீனி கூடாது, ஐஸ் கூடாது. கம்பெனி சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு: கடைக்காரர் வீட்டு ஆள் ஒருவர் தினமும் காலையில் வாசல் மேசையில் உட்கார்ந்து குடிக்க வேண்டும், நாலு பேர் பார்க்கும்படி. அம்மாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. மிச்சம் யார்? கோகிலா, நான்தான்.

4 ஏப்ரல்

ஈ ஓட்டுகிறோம். எதிரே தேநீர்க் கடை முகைதீன் மாமா வந்து அப்பாவிடம் சொன்னார்: “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. சீக்காளிங்களுக்கு உள்ள கடைன்னு ஆளுங்க பேசிக்கிறாங்க. கொஞ்சம் சீனி போடுங்க, அந்தப் பலகைய எறக்குங்க.” கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றார் அப்பா.

21 ஏப்ரல்

தரகர் நல்லையா மாமா கொண்டுவந்த சம்பந்தம். ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் பெண் பார்த்தார்கள். சிரம்பானில் வாத்தியார், பெயர் தியாகு. சட்டைப் பையில் பேனா மை ஒழுகியிருந்தது. நான் பார்த்ததைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார்.

பிடித்திருக்கிறது. இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

22 ஏப்ரல்

பிடித்திருக்கிறது.

14 மே

எல்லாம் முடிந்துவிட்டது.

தியாகுவின் அத்தை போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, முகைதீன் மாமா கடையில் உட்கார்ந்து எங்கள் கடையைப் பார்த்திருக்கிறாள். பலகைக்குக் கீழே நான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் விசாரித்தால், “அந்தப் பிள்ள தெனமும் குடிக்கும்” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்லையா மாமா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பொண்ணுக்கு நெஞ்சுல கோளாறு, மறைக்கிறாங்கன்னு சொல்லிட்டாங்க.”

எனக்கா? எனக்கு என்ன கோளாறு? ஒல்லியாப் பொறந்தா சீக்காளியா? தும்மல்கூட வராதே எனக்கு!

டாக்டரிடம் எழுதி வாங்கி அனுப்பலாம் என்றார் அப்பா. அம்மா கத்தினாள். “டாக்டர்கிட்ட போனோம்னு தெரிஞ்சா, இருக்குற சந்தேகமும் தீர்ந்துரும்!”

அம்மா சொன்னது சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

15 மே

காலையில் அப்பா வழக்கம்போல டம்ளரை வாசல் மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

3 ஜூலை

இன்னொரு இடம் வந்தது, மூவாரிலிருந்து. வந்த வேகத்தில் போனது.

ஆச்சரியம், கடையில் கூட்டம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் போத்தலில் வாங்கிப் போகிறார்கள். “இந்தப் பிள்ளையே இதக் குடிச்சுத்தான் நடமாடுது” என்று ஒருத்தி என்னைக் காட்டி இன்னொருத்தியிடம் சொன்னாள். சண்டைக்குப் போனேன். அம்மா பின்னாலிருந்து இழுத்துக்கொண்டாள்.

31 ஆகஸ்ட்

மலாயாவுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் கொடி. பண்டார் ஹிலிர் பக்கம் பாட்டும் கூத்துமாம். அம்மா கூப்பிட்டாள். போனால் ஒவ்வொருத்தரும் உடம்பு எப்படி என்று கேட்பார்கள். போகவில்லை. நாள் முழுக்கப் பப்பாளி அரிந்தேன்.

9 நவம்பர்

நல்லையா மாமா வந்தார், கையில் காலிப் போத்தலோடு. அவர் மனைவி பொன்னம்மா அத்தைக்குக் காய்ச்சலுக்குப் பிறகு சோறு இறங்கவில்லையாம். அடித்துக் கொடுத்தேன். தியாகுவுக்குத் தை மாதம் கல்யாணம், கிள்ளானில் பெண். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

போகும்போது திரும்பி நின்று, உண்மையான அக்கறையோடு கேட்டார்: “ஒனக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?”

பின்னால் ரெண்டு பேர் போத்தலோடு காத்திருந்தார்கள்.

“இப்பத் தேவல மாமா” என்றேன்.