கழுவிய சுருள்கள்

அன்பு மகள் மெலித்தாவுக்கு,

அம்மா நிகாரெத்தே எழுதுவது. ரோட்ஸ் தீவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்கத் தெய்வங்களை வேண்டுகிறேன். என் உடம்புக்குக் குறையில்லை. மனசுதான் ஆறவில்லை.

உன் அப்பாவுக்குச் சந்தைத் திடலில் வெண்கலச் சிலை வைத்துவிட்டார்கள். 'நம் நகரின் வரலாற்றை எழுதிய க்ளெயோதிமோஸ்' என்று அடியில் வெட்டியிருக்கிறார்கள். அவர் எழுதியதில் ஒரு வரிகூட இன்று இந்த ஊரில் இல்லை.

முற்றுகையின்போது நாம் தோல்வாரை வேகவைத்துத் தின்றோமே, அப்போது ஊர்க் களஞ்சியத்துக் கோதுமையை எதிரிக்கு விற்றவன் யாரென்று அப்பா பெயரோடு எழுதியிருந்தார். அவன் மகன் அகாசிக்ளெஸ்தான் இப்போது சபைத் தலைவன். "பேரை மட்டும் எடுத்துடுங்க பெரியவரே" என்று நடையாய் நடந்தான். "அப்ப பட்டினியில செத்தவங்க பேரையும் எடுத்துடவா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார் அப்பா.

அவர் கண்மூடியதும் அவன் என்னிடம் வரவில்லை. உன் அண்ணன் யூப்ரானோரிடம் போய், கடல் தெய்வம் பொசைடன் கோயிலில் பூசாரிப் பதவி தருகிறேன் என்றான். நான் கல்லறைக்குப் பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில் யூப்ரானோர் அப்பா எழுதிய சுருள்களையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டான்.

ஓடினேன். அகாசிக்ளெஸ் வீட்டு முற்றத்தில் அடிமைகள் நனைத்த கடற்பஞ்சால் எழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஆயுசு முழுவதும் எழுதியது கறுப்புத் தண்ணீராகச் சாக்கடையில் போனது. உன் அண்ணன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "ஏண்டா இப்படிப் பண்ணினே?" என்றேன். "செத்தவருக்கு எதுக்கும்மா புஸ்தகம்? அதான் சிலை வைக்கப்போறாங்களே. உயிரோட இருக்கற நான் பொழைக்க வேண்டாமா?" என்றான்.

சிலை திறந்த அன்று விருந்து. கணவாய் மீன் பொரித்த எண்ணெய் வழியும் கையை என் தோளில் வைத்து, "உங்க வீட்டுக்காரர் மாதிரி உண்மை பேசறவர் இனிமேதாம்மா பொறக்கணும்" என்றான் அகாசிக்ளெஸ். பக்கத்தில் பூசாரி மாலையோடு உன் அண்ணன் தலையாட்டினான். எல்லோரும் பார்க்க அந்தச் சாப்பாட்டில் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு முன் நீ ஆசையாகப் படியெடுத்துக்கொண்டுபோன முற்றுகைப் பகுதி அவர்கள் நினைவுக்கு வந்துவிட்டது. அடுத்த கப்பலில் யூப்ரானோர் உன்னிடம் வருகிறான். அத்திப்பழம் கொண்டுவருவான். அப்பாவை நினைத்து அழவும் அழுவான். சுருளைக் கேட்டால், எலி தின்றுவிட்டது என்று சொல். மாப்பிள்ளை காலில் நானே விழுந்து கேட்பதாகச் சொல்லி, அவரை அதற்கு இன்னொரு படி எடுக்கச் சொல். பிறகு இன்னொன்று.

உன் பிள்ளைகள் தாத்தாவைப் படித்து வளரட்டும். தாய்மாமன் சாயல் அவர்கள்மேல் விழாதிருக்கட்டும்.

கடல் பயணம் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது, மெலித்தா. வந்து இறங்கியதும் சூடாக ஏதாவது குடிக்கக் கொடு.

அம்மா