உன் கடிதத்தில் பிழை ஏதுமில்லை

பெரம்பலூர்,
8-7-1946, திங்கட்கிழமை.

சௌபாக்கியவதி சிந்தாமணிக்கு ஆசீர்வாதம். இங்கு நானும் பசுவும் நலம். உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. வழக்கம்போல் நீ தேதியிடவில்லை. தபால் முத்திரையைப் பார்த்து அறிந்துகொண்டேன். மேலும், கீழப்பழுவூருக்கு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்ததாக எழுதியிருக்கிறாய். நீ புறப்பட்டது ஜூன் 27, வியாழன். கரியில் ஓடும் பஸ் வழியில் நின்று நின்று போயிருக்கலாம். அதற்காக நாள் மாறிவிடாது.

தாயில்லாத தன் பெண் புஷ்பவல்லிக்கு உன் தம்பி பிச்சைமுத்து நல்ல வரன் பார்த்திருப்பது குறித்து மெத்த மகிழ்ச்சி. முகூர்த்தம் குறித்தவுடன் எனக்கு எழுது. தாலுகா கச்சேரியில் இருபத்தொன்பது ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன் சரிபார்த்த பிறகே பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும்.

அடுத்த வீட்டுக் கலியம்மாள் சமைத்துப் போடுகிறாள். உப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இப்படிக்கு,
சிங்காரவேலு


கீழப்பழுவூர்,
ஆடி முதல் வெள்ளி.

மாமா அவர்களுக்குச் சிந்தாமணி வணக்கமாக எழுதிக்கொண்டது. நாள் போட்டுட்டேன், பாருங்க. வெள்ளின்னா வெள்ளிதான்.

முகூர்த்தம் ஆகஸ்டு 29, புதன்கிழமை, காலையில. இன்னொரு முக்கியமான சேதி. பொண்டாட்டி இல்லாத பிச்சைமுத்து தனியா மனையில உட்கார்ந்து பொண்ணைத் தாரை வார்த்துக் குடுக்க முடியாது. நீங்களும் நானும் தம்பதியா உட்காரணும்னு கேக்கிறான். பெரியப்பா பிள்ளைகள் மூணு பேர் இருந்தும் உங்களைத்தான் கேக்கணும்னு நிக்கிறான். சம்மதம்னு உங்க கையால ஒரு வரி எழுதுங்க. அதை அவன் சம்பந்தி வூட்டுல காட்டணுமாம்.

கலியம்மாளைக் கோவிச்சுக்காதீங்க. உப்பைக் குறைக்கச் சொன்னதே நான்தான்.

சிந்தாமணி


பெரம்பலூர்,
29-7-1946, திங்கட்கிழமை.

சௌபாக்கியவதி சிந்தாமணிக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைக்கப்பெற்று எல்லா விஷயங்களும் அறிந்தேன். நீ எழுதியவை அனைத்தும் சரியே. உன் கடிதத்தில் பிழை ஏதுமில்லை.

இங்கு இரண்டு நாள் நல்ல மழை. கன்று தும்பு அறுத்துக்கொண்டு ஓடி மாலையில் தானே திரும்பியது. கலியம்மாள் மட்டும் வரவர மோசம். சோறும் குழம்பும் வைக்கிறாள். பொரியல் என்று ஒன்று கண்ணில் படுவதேயில்லை. கேட்டால் முறைக்கிறாள். கல்யாண காரியங்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சிங்காரவேலு


கீழப்பழுவூர்,
ஆடி மூணாம் வெள்ளி.

மாமா அவர்களுக்குச் சிந்தாமணி எழுதிக்கொண்டது.

பிச்சைமுத்து உங்க கடிதாசைப் படிச்சுட்டு வயலுக்குப் போயிட்டான். "மாமாவுக்கு இஷ்டமில்ல போலருக்குக்கா, வுடு"ன்னு சாயங்காலம் சொன்னான். கன்னுக்குட்டிக்கு மூணு வரி எழுதின கைக்கு, தாரை வார்க்கிறதைப் பத்தி ஒரு வரி எழுத முடியலையா?

இன்னொண்ணு. ஆகஸ்டு 29 புதன்னு எழுதிட்டேன். வியாழன்னு அப்புறம் புஷ்பவல்லி சொல்லித்தான் தெரிஞ்சுது. நீங்க பிழை ஏதுமில்லைன்னு எழுதியிருக்கீங்க. முப்பத்தாறு வருஷத்துல இப்படி ஒரு வார்த்தை உங்க பேனாவுல வந்ததில்ல. பிச்சைமுத்துக்குக் கோவம். எனக்குப் பயமா இருக்கு.

இதை ஜவுளி எடுக்க வர்ற பங்காளித் தம்பி சாமிதுரை கையில குடுத்தனுப்புறேன். படிச்சுட்டு அவன்கிட்டயே பதில் சொல்லுங்க. மழுப்பினீங்கன்னா நான் இனிமே பெரம்பலூர் வூட்டுக்கு வரவே மாட்டேன்.

சிந்தாமணி


பெரம்பலூர்,
10-8-1946, சனிக்கிழமை.

சௌபாக்கியவதி சிந்தாமணிக்கு ஆசீர்வாதம்.

திங்கட்கிழமை சாமிதுரை வந்தான். உன் கடிதத்தை வாங்கி, படிப்பதற்குரிய நேரம் வரை கையில் வைத்திருந்து, "ரொம்ப சந்தோஷம்னு சொல்லு" என்றேன். அவன், "அக்கா இனி வூட்டுக்கே வராதாம். சந்தோஷமா மாமா?" என்றான். அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு காலை, செய்திப் பத்திரிகையைப் பிரித்தேன். ஒரு எழுத்தும் தெரிந்த எழுத்தாக இல்லை. வேற்று மொழிப் பத்திரிகையைப் போட்டுவிட்டதாக ஏஜெண்டைக் கண்டித்து இரண்டு பக்கம் எழுதினேன். எழுதியதைச் சரிபார்க்க எடுத்தால், அதுவும் புரியவில்லை. என் கையெழுத்து, சிந்தாமணி. ஊரார் மனுக்களையெல்லாம் படித்துச் சொன்ன நான், யாரிடம் போய் இதைச் சொல்வேன்? புத்தி பேதலித்துவிட்டதென்றே நினைத்தேன். அதன்பின் வந்த உன் கடிதம் படிக்கப்படாமலே தலையணைக்கடியில் இருந்தது.

சாமிதுரை என்னைப் புதன்கிழமை திருச்சிக்கு இழுத்துப் போனான். கண் வைத்தியர் பார்த்துவிட்டு, கண் நன்றாகவே இருக்கிறது, மூளையின் பின்புறம் ஓர் இரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார். பார்த்த எழுத்து இன்னதென்று அறியும் வழி அறுந்துவிட்டதாம். எழுதும் வழி அப்படியே இருக்கிறதாம். பேச்சிலும் ஞாபகத்திலும் பழுதில்லை. இது மிக அபூர்வம் என்றும், தம் அனுபவத்தில் நான் இரண்டாவது ஆள் என்றும் சொல்லி, மாணவர்களை அழைத்துக் காட்டினார். அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதினேன். எழுதியதைப் படிக்கச் சொன்னதும் விழித்தேன். கைதட்டாத குறைதான். முதலாமவர் யார் என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார்.

வலப்பக்கப் பார்வையும் பாதி போயிருக்கிறது. பொரியல் நாள்தோறும் இலையின் வலப்புறம் இருந்திருக்கிறது. கலியம்மாளிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன். "ஒருத்தரும் தொடாத பொரியலை எத்தினி நாளுங்க மாட்டுக்கு வெக்கிறது" என்றாள்.

ஒரு வழி உண்டு. எழுத்தின் மேல் விரலை ஓட்டினால், கை அதை அடையாளம் கண்டு சொல்கிறது. ஒரு வார்த்தைக்கு நெடுநேரம் பிடிக்கிறது. எழுத்து பெரியதாக இருந்தால் நல்லது என்றார் வைத்தியர்.

இனி முக்கிய விஷயம். பிச்சைமுத்து என்னைக் கேட்டதைச் சாமிதுரை படித்துக் காட்டியபோது, அந்த வரியை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னேன். ஆனால் இப்போது நான் குறையுள்ளவன். தாரை வார்ப்பவன் பழுதற்றவனாக இருக்க வேண்டுமென்று சம்பந்தி வீட்டார் நினைக்கலாம். நல்ல காரியத்தில் என்னால் ஒரு சொல் எழக்கூடாது. வேறு தம்பதியை உட்கார வைக்கச் சொல். நான் வருந்தமாட்டேன்.

வருந்துவேன். ஆயினும் அதுவே முறை.

இப்படிக்கு,
சிங்காரவேலு


கீழப்பழுவூர்,
14-8-1946, புதன்கிழமை.

மாமாவுக்கு,

பெரிசா எழுதுறேன். யாரையும் படிக்கச் சொல்லாதீங்க. விரலை வெச்சு நீங்களே படிங்க.

உங்க கடிதாசைப் பிச்சைமுத்து சம்பந்தி வூட்டுக்கு எடுத்துட்டுப் போனான். வரனோட அப்பா முழுசும் கேட்டுட்டு, இவ்வளவு நேர்மையா எழுதின மனுசன் கையாலதான் பொண்ணை வாங்கணும்னுட்டாரு. புஷ்பவல்லி அதுக்கு முந்தியே சொல்லிட்டா. "தாரை வார்க்கையில மாமாவைப் படிக்கவா சொல்லப்போறாங்க?"ன்னு.

மனையில உங்க வலப்பக்கம் நான் இருப்பேன். அந்தப் பக்கம் நான் பார்த்துக்கிறேன்.

ஒரு மாசம் தனியா பயந்துக்கிட்டு இருந்திருக்கீங்க. அதுக்கு உங்களோட சண்டை இருக்கு. அதை எழுதினா நீங்க படிச்சு முடிக்கத் தீபாவளி ஆயிடும். நேர்லயே போட்டுக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில இது உங்க கைக்கு வரும். நிதானமாப் படிங்க. கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள அரியலூர் பஸ்ஸும் வந்துடும். கதவைத் தாப்பாள் போட்டுடாதீங்க.

சிந்தாமணி