டப்பா எண் 7

செப்டம்பர் 4, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது. தண்ணீர் பரிசோதனைக் கூடம். அக்டோபர் ஒன்று, காலை ஏழு மணி. பன்னிரண்டு கிலோமீட்டர், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. "சொந்த வண்டி இருக்கா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். வெள்ளை பிக்கப் என் பேரில்தான் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னால் என் சம்பளத்தில் வாங்கியது. தரை துருப்பிடித்து, ஓட்டும்போது காலடியில் ரோடு தெரியும். ஆனால் ஒரே திருப்பில் எஞ்சின் எழுந்துவிடும்.

மாமியார் சுவரைப் பார்த்துச் சொன்னது: "பதினோரு மாசக் குழந்தையை எவகிட்டயோ விட்டுட்டு, இவ போய்த் தண்ணியைச் சோதிக்கணுமாம்."

குட்டிக்கு ஒரு கீறல் விழுந்தால் போதும், இந்த வேலை போய்விடும்.

செப்டம்பர் 6, சனி

என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார்கள். அண்ணனின் சாம்பல் நிற பிக்கப் எஞ்சின் இறுகி இரண்டு வருஷமாக நிற்கிறது. உடம்பு மட்டும் கெட்டி. என் வண்டியின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றி அதில் மாட்டப் போகிறார்களாம்.

"ரெண்டு நொண்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஒண்ணாவது உருப்படியா இருக்கட்டும். நீயே ஓட்டு" என்றார் அண்ணன்.

"வண்டி யார் பேர்ல இருக்கும்?"

"பேரு என்னம்மா பேரு? நாம என்ன வேத்து ஆளா?"

அவர் என்னை முறைத்தார். வேலைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

கழற்றுகிற போல்ட்டையெல்லாம் ஒரே பக்கெட்டில் போடுகிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பரிசோதனைக் கூடத்தில் பழகிய கை - குட்டியின் காலிப் பால் பவுடர் டப்பாக்களை எடுத்துவந்து, எண் போட்டு, சீட்டு ஒட்டி வைத்தேன்.

"என்னம்மா, பரீட்சை வெக்கப் போறியா?" என்றார் அண்ணன். ஆனாலும் போல்ட்டை அதில்தான் போட்டார்.

டப்பா எண் 7: எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். நீள போல்ட் 9. வளையம் 2. வளையம் என்றால் மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிய உருக்குத் துண்டு. இரண்டையும் நானே எண்ணிப் போட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு



சாம்பல் வண்டியின் இறுகிப்போன எஞ்சினும் அதன் கியர்பாக்ஸும் பழைய இரும்புக்காரனிடம் போயின. எல்லோரும் வாசலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் நானும் குட்டியும்தான். துணி மடிக்கத் திரும்பினேன் - எவ்வளவு நேரம்? அரை நிமிஷம்? ஏழாம் டப்பா கவிழ்ந்து கிடக்கிறது. குட்டி வாயில் ஏதோ மின்னுகிறது. விரலை விட்டேன், இன்னும் உள்ளே போயிற்று. குழந்தையைக் கவிழ்த்து முதுகில் தட்டி, மறுபடி விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். வளையம். எண்ணெயும் எச்சிலும். அதைப் பார்த்த அருவருப்பில், சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடையில் வீசிவிட்டேன்.

குட்டி அழக்கூட இல்லை. மாமியார் உள்ளே வந்தபோது நான் போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பது, சரி. வளையம் ஒன்று.

சாயங்காலம் குச்சியால் சாக்கடையைக் கிளறினேன். அகப்படவில்லை. சீட்டை மாற்றி எழுத வேண்டும். எழுதினால் ஏன் என்று கேட்பார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

எழுதவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

செயின் பிளாக்கின் சங்கிலியில் தொங்கி, என் எஞ்சின் ஆடி ஆடி சாம்பல் வண்டிக்குள் இறங்கியது. கியர்பாக்ஸைச் சேர்க்கும்போது அண்ணன் வண்டிக்கடியிலிருந்து கேட்டார்: "ஏம்மா, ஏழுல ஒரு வளையம்தான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"அதுலதான் இருக்கணும்" என்றேன். தெளிவாக, சத்தமாக. எங்கிருந்து வந்தது அந்தக் குரல்?

கொஞ்ச நேரம் தேடினார். பிறகு, "ஒம்பது போல்ட் இருக்கு, ஓடியா போயிடும்" என்று முறுக்கிவிட்டார். என் வீட்டுக்காரர் அப்போது வெளியே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார், எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்து கையைத் துடைத்தபடி அண்ணன் சொன்னார்: "ஓட ஆரம்பிச்சதும் பேரை மாத்திடலாம். உன் பேருக்கே."

இதை இவர் அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?

செப்டம்பர் 24, புதன்

ஓடுகிறது. பரிசோதனைக் கூடத்தின் வாசல் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் ஒரு அனத்தல். புது இடம், பழகிவிடும் என்றார் அவர். 

செப்டம்பர் 27, சனி

பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. முதலில் அலறல், பிறகு உடைகிற சத்தம். நானும் குட்டியும் ஓரமாக ஒரு மணி நேரம் நின்றோம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மெக்கானிக் வந்து கியர்பாக்ஸை இறக்கினார். கிளட்ச் பிளேட் நடுவில் கிழிந்திருந்தது. கியர்பாக்ஸ் உள்ளே நொறுங்கி, மூடியே விரிசல் விட்டிருந்தது. "ரெண்டு வளையமும் இருந்தாத்தான் இது நேரா உக்காரும். போல்ட் இறுக்கத்தான் பிடிக்கும், நடுவுல நிறுத்தாது. எந்தப் புண்ணியவான் ஒண்ணோட மாட்டினது?"

"டப்பாவுல ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார் அண்ணன்.

என் வீட்டுக்காரர் உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்தார். சீட்டை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார். "படி. வளையம் ரெண்டு. எழுதி வெச்சிருக்கா."

"அப்ப நான் முழுங்கிட்டேனா?"

"உன் வேலையே அப்படித்தானே. எதையாவது தொலைப்பே, எதையாவது வெச்சு மாட்டுவே. அவ வேலைக்குப் போறதே ஒனக்குப் புடிக்கல, அதான் ஒழுங்கா மாட்டல."

அண்ணன் என்னைப் பார்த்தார். 'நான் கேட்டேனேம்மா' என்று மட்டும்தான் அந்தப் பார்வையில் இருந்தது. மாமியார் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். நான் சொல்லியிருக்கலாம். அஞ்சே வார்த்தை. குட்டி வாயில போட்டா, நான் தூக்கிப்போட்டுட்டேன். சொன்னால் மாமியார் என்ன சொல்வார் என்று எனக்கு மனப்பாடம். இன்னும் மூன்றே நாள், வேறு கியர்பாக்ஸ் கிடைத்தால்...

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அண்ணன் சங்கிலி போட்டு சாம்பல் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். என் எஞ்சினோடு. "வண்டி என் பேர்ல இருக்கு. என்னைத் திருடனாக்கின வீட்டுல அது எதுக்கு?" என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. "போகட்டும் விடு. இவனெல்லாம் ஒரு அண்ணன்" என்றார் என்னிடம். என் பக்கம் நிற்கிறாராம்.

அக்டோபர் 1, புதன்

போன் செய்தேன். நாலு நாள் தவணை கேட்டேன். "வண்டி இருக்குன்னு சொன்னீங்களேம்மா" என்றார் மேலாளர். கோபமாகக்கூட இல்லை. அடுத்த ஆளுக்குச் சொல்லிவிட்டார்களாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

மாமியார் மூத்த மகன் வீட்டுக்கே போய்விட்டார். யாரை நினைத்து பயந்தேனோ அவர் இல்லை. இப்போது சொல்லலாம். யாரிடம் சொல்வது, எதற்குச் சொல்வது?

நவம்பர் 16, ஞாயிறு

வெள்ளை வண்டி கொட்டகையிலேயே நிற்கிறது. முன்பக்கம் வெறும் பொந்து. குட்டி நடக்கிறாள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பொந்துக்குள் கத்துகிறாள், எதிரொலி கேட்டுச் சிரிக்கிறாள்.

அண்ணனும் தம்பியும் பேசி ஏழு வாரம். இன்று பக்கத்து வீட்டுக்காரர் சமாதானம் பேச வந்தார். என் வீட்டுக்காரர் அசையவில்லை. "என் பொண்டாட்டி எண்ணி எழுதி வெச்சா அது தப்பாதுங்க" என்றார். பெருமையாகச் சொன்னார்.

அப்புறம் பழைய ஆணிகளை ஒரு பால் பவுடர் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "சீட்டு ஒட்டிடு. உன் கையாலயே எழுது."

ஆணி என்று எழுதினேன். எத்தனை என்று எழுதவில்லை.