எங்கள் தெரு இருந்த இடத்தில் பூங்கா

மார்ச் 3, திங்கள்

பத்தரைக்கு உறைக்காரர் வந்தார். ஒழுங்கு அலுவலகத்து ஆள். வாரா வாரம் அரக்கு வைத்த உறை ஒன்றைக் கொண்டுவருவார். வரைபடத்திலிருந்து நீக்க வேண்டிய இடங்களின் பட்டியல் அதற்குள் இருக்கும். எங்கள் வரைபடச் செயலியில் அந்த இடங்களை அழித்துவிட்டுப் பச்சை பூசுவது என் வேலை. பார்க்கிறவர்களுக்குப் பூங்கா மாதிரி தெரியும். ஐந்து வருடத்தில் நான் போட்டுக் கொடுத்த பூங்காக்களில் பாதி நிஜமாக இருந்தால் இந்த ஊரில் யாருக்கும் இருமலே வராது.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. பட்டியல் என்று ஒன்று இருப்பதை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது.

மாலை கடல் தாண்டி இருக்கும் மேலாளருடன் வீடியோ கூட்டம். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் விழுமியம். 'நம் விழுமியங்கள்' என்று ஆரம்பிக்காமல் அவருக்குப் பேச்சு வராது. வெளிப்படைத்தன்மை அறிக்கை தயார். எவற்றை நீக்கினோம் என்று சொல்லக் கூடாது என்பதால் பக்கம் முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். கறுப்பைக் கொஞ்சம் இதமாகப் போடலாமா என்று கேட்டார். போடலாம் என்றேன்.

இன்று ஒரு புது விதி. பட்டியலின் நகலில் என் பெயர், வீட்டு முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டுமாம். அதற்கென்று தனியாக இடம் விடவில்லை. கடைசி வரிசைக்குக் கீழே எழுதினேன். "அச்சு மாதிரி இருக்கு சார் உங்க எழுத்து," என்றார் உறைக்காரர். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. நாள் முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஆறே முக்காலுக்கு வண்டி வந்து அக்காவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது. செவ்வாய், வியாழன், சனி. ஆறு மாதமாக இப்படித்தான், தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். செலவு முழுக்க என் கம்பெனிக் காப்பீடு. "உன் கம்பெனி நல்லா இருக்கணும்டா," என்பாள் வண்டி ஏறும்போது. எனக்கு அம்மா, அப்பா எல்லாமே அவள்தான். பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே என்னைப் படிக்க வைத்தாள். நல்லவேளை, என்ன வேலை பார்க்கிறாய் என்று துருவிக் கேட்டதில்லை.

மார்ச் 10, திங்கள்

பட்டியலில் பதினோராவது வரி எங்கள் தெரு.

எங்கள் தெரு. கதவு எண்ணோடு, மாடி என்பது வரை. இன்னொரு முறை படித்தேன். உறைக்காரரைப் பார்த்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒழுங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பட்டியலில் ஒரு சந்தேகம் என்றேன். "எந்தப் பட்டியல்?" என்றது ஒரு குரல். இன்று வந்ததுதான் என்றேன். "அப்படி ஒண்ணு கிடையாதே," என்றது. "கிடையாத ஒண்ணைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னா?"

போனை வைத்துவிட்டேன்.

ஒரு வீட்டை மட்டும் எடுக்க எங்கள் மென்பொருளில் வழி இல்லை. எடுத்தால் தெருவோடுதான். மறுத்தால் வேலை போகும். வேலை போனால் காப்பீடு போகும். காப்பீடு போனால் அக்கா?

பன்னிரண்டே காலுக்கு அழுத்தினேன். பச்சையாகிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

வண்டி வரவில்லை. டிரைவர் அண்ணன் போனில் கூப்பிட்டார். "சார், உங்க வீட்டுப் பக்கம் பூங்கான்னு காட்டுது. பூங்காக்குள்ள வண்டி விட முடியாது."

"ஆறு மாசமா வர்றீங்களே அண்ணா, வழி தெரியாதா?"

"எனக்கு வழி தெரியும் சார். வண்டிக்குத் தெரியாது. நான் போற பாதை அப்படியே ஆபீஸ்ல கோடா விழுது. பூங்கா மேல கோடு விழுந்தா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

மெயின் ரோட்டுக்கு அழைத்து வருகிறேன் என்றேன். பதிவான முகவரியைத் தவிர வேறு இடத்தில் ஏற்றினால் புக்கிங்கே ரத்தாகிவிடுமாம். முகவரியை மாற்றலாம், அதற்கு இருப்பிடச் சான்று வேண்டும். சான்று கொடுக்கிற அலுவலகத்திலும் எங்கள் வரைபடம்தான் பார்க்கிறார்கள். பூங்காவில் குடியிருப்பது குற்றம் என்றார் குமாஸ்தா.

அக்கா போட்ட செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வேளை தவறியது இதுதான் முதல் தடவை.

மார்ச் 12, புதன்

அக்காவுக்குக் கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.

"உன் கம்பெனி மேப்புதானேடா. ஒரு வார்த்தை சொல்லேன்."

"அது வேற பிரிவு அக்கா."

வாய் கூசாமல் சொன்னேன். எப்படித்தான் வந்ததோ.

சக்கர நாற்காலி ஒன்று ஆர்டர் செய்தேன். மாலையில் குறுஞ்செய்தி வந்தது. முகவரியில் பூங்கா இருப்பதால் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

மார்ச் 13, வியாழன்

நேற்றே ஆபீஸிலிருந்து என் சுழல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். காவலாளி கேட்டதற்கு, வீட்டிலிருந்து வேலை என்றேன்.

காலை ஆறு மணிக்கு அக்காவை அதில் உட்கார வைத்து மெயின் ரோடு வரை தள்ளினேன். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அக்கா ஒரு சுற்று சுற்றி என் பக்கம் திரும்பிவிடுவாள். "நேரா தள்ளுடா, ஊர்வலமா போறோம்?" என்றாள். ஆட்டோவுக்குள் நாற்காலி நுழையவில்லை, அதனால் பஸ். கண்டக்டர் நாற்காலிக்கும் டிக்கெட் கேட்டார். ஆனாலும் ஊசி ஏறியது, நாலு மணி நேரம் முழுசாக ஓடியது. அது போதும்.

மார்ச் 14, வெள்ளி

இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

'விடுபட்ட சாலையைச் சேர்க்கவும்' என்று பயனர்கள் அனுப்பும் கோரிக்கைகளும் என் மேஜைக்குத்தான் வரும். இன்று ஒன்று வந்தது. "எங்க தெருவைக் காணோம். பன்னிரண்டு வருஷமா இதே தெருவுலதான் தைக்கிறேன். திரும்பப் போட்டுக் குடுங்க." அனுப்பியவர் என் அக்கா. வேறு பிரிவுக்கு நானே எழுதிக்கொள்கிறேன் என்று முடிவு செய்திருக்கிறாள்.

நீக்கிய பெயரைத் திரும்பச் சேர்க்க விதியில் வழி இல்லை. மறுத்தேன். ஒவ்வொரு மறுப்புக்கும் சொந்தமாக இரண்டு வரி எழுத வேண்டும், இயந்திரம் மாதிரி பேசக் கூடாது என்பது விழுமியத்தின் கட்டளை. 'உங்கள் அக்கறைக்கு நன்றி. உங்கள் கோரிக்கையை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறோம்' என்று எழுதினேன்.

இரவுச் சாப்பாட்டில் அக்கா அதை எனக்கே படித்துக் காட்டினாள். "எவனோ கல்நெஞ்சுக்காரன்," என்றாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

அடுத்த கோரிக்கை. "மறுத்த மகராசனுக்கு. நீ அக்கா தங்கச்சியோட பொறக்கலையா?"

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் அக்கா பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். "உனக்குத்தான் நல்ல எழுத்து. மூணாவது மனுவை நீ எழுதிக் குடு, நான் பாத்து டைப் பண்ணிக்கிறேன். காரமா எழுது." எழுதினேன். போதாது என்றாள். 'மனசாட்சியை அடகு வைத்தவரே' என்று சேர்த்தேன். அப்போதுதான் அவளுக்குத் திருப்தி.

மார்ச் 18, செவ்வாய்

நாற்காலியில் ஒரு சக்கரம் போய்விட்டது. பஸ் தவறி, போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதம். இரண்டரை மணி நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தி அடுத்தவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு வேளை தவறுச்சுன்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க."

மதியம் ஆபீஸ் போய், நான் எழுதிக் கொடுத்த மனுவை நானே மறுத்தேன். கண் எரிந்தது. கை தன்பாட்டில் என்னவோ அடித்து அனுப்பிவிட்டது.

மார்ச் 19, புதன்

பதினொரு மணிக்கு ஒழுங்கு அலுவலக ஆய்வாளர் போனில் கூப்பிட்டார். நீக்கிய இடத்தில் நேரில் நின்று, அப்படி ஓர் இடம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டுமாம். "இடத்தைக் கண்டுபிடிக்க முடியல. மேப்பில காட்ட மாட்டேங்குது. கொஞ்சம் வழி சொல்ல முடியுமா?"

நானே போய் அழைத்து வந்தேன். மாடி ஏறி எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அக்கா கொடுத்த டீயைக் குடித்தபடி செல்போனைப் பார்த்தார். "சுத்தமா எடுத்திருக்கீங்க. அருமை." பிறகு ஒரு படிவத்தை அக்காவிடம் நீட்டினார். இங்கே தெருவும் இல்லை, வீடும் இல்லை, யாரும் குடியிருக்கவில்லை என்று அக்கம்பக்கத்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா படித்துப் பார்த்தாள். "நான் இங்க இல்லன்னா கையெழுத்து யார் போட்டதுன்னு எழுதுவீங்க?"

ஆய்வாளர் நிஜமாகவே யோசித்தார். "பூங்காவுக்கு வந்தவங்கன்னு போட்டுக்கலாம்."

அக்கா போட்டுக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டாள்.

கீழே வந்ததும் கேட்டேவிட்டேன், இந்தத் தெரு ஏன் என்று. கேட்கக் கூடாதுதான். அவர் பையிலிருந்து தாளை எடுத்தார். போன வாரத்துக்கு முந்திய வாரப் பட்டியலின் நகல். பத்து வரிகள் அச்சில். பதினோராவது என் கையெழுத்தில். வந்த நகலைப் பார்த்து அடுத்த பட்டியலைத் தட்டச்சு செய்கிறவர், அதையும் ஒரு வரி என்று சேர்த்துவிட்டார். "பின்ன? அச்சு மாதிரி இருந்தா அவங்க என்ன பண்ணுவாங்க?"

தப்பைத் திருத்தலாமே என்றேன். "நீக்கறதுக்குப் படிவம் இருக்கு. சேர்க்கறதுக்குப் படிவம் இல்ல," என்றார். சான்றிதழில் முத்திரை குத்தினார். தெரு இல்லை, ஒரு வருடத்துக்குச் செல்லும். ஒரு வருடத்துக்கு மறு ஆய்வும் இல்லை.

மார்ச் 20, வியாழன்

மிச்சம் நாலு சக்கரம், இரண்டு பஸ். ஐந்து மணிக்கே கிளம்பினோம். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னாள், மூச்சு வாங்கியது. ஒருமுறைகூடத் திட்டவில்லை.

மார்ச் 21, வெள்ளி

காலை ஒன்பது பத்துக்குக் கோரிக்கை வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"செவ்வாய்க்கிழமை மறுப்புல கடைசி வரி, 'தண்ணீர் அளவாகக் குடிக்கவும்.' எந்த மேப் கம்பெனிடா தண்ணி அளவா குடிக்கச் சொல்லும்? எனக்கு உடம்பு சரியில்லன்னு நான் ஒரு மனுவிலயும் எழுதல. நீதான்னு அன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு மூணு நாள் பார்த்தேன். கையெழுத்துப் போடும்போது உன் மூஞ்சிய பார்த்தேன், அப்பவும் சொல்லல. அது எனக்கு வலிக்குதுடா, ஊசியை விட. நாளைக்கு வண்டி வரணும். டிபன் டப்பாவைக் கழுவிக் கொண்டு வா."

தெருப் பெயர் என்ற கட்டத்தில், கோபத்தில் இடம் மாற்றி அடித்திருக்கிறாள்: ஏத்துக்கடா.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சொல்வதற்கு என்ன. பிறகு மூளை வேலை செய்தது. பழைய தெரு இல்லை என்று சான்றிதழ் இருக்கிறது. ஏத்துக்கடா தெரு எந்தப் பட்டியலிலும் இல்லை. நான் எதையும் திரும்பச் சேர்க்கவில்லை, புதிதாக ஒன்றைச் சேர்க்கிறேன்.

ஏற்றுக்கொண்டேன்.

மார்ச் 22, சனி

நேற்று மாலையே புதுப் பெயரில் இருப்பிடச் சான்று வாங்கி, வண்டிக்கான முகவரியை மட்டும் மாற்றியிருந்தேன். ஆறே முக்காலுக்கு வண்டி வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். "ஏத்துக்கடா தெருவில் நேராகச் செல்லவும்" என்றது டிரைவர் அண்ணனின் போன். அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னோடு இன்னும் பேசவில்லை. ஆனால் மருத்துவமனையில் ஊசி குத்தும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 24, திங்கள்

கண்டுபிடித்துவிட்டார்கள். ஒழுங்கு அலுவலகம் இல்லை, எங்கள் கம்பெனிதான். குற்றம் தெருவைச் சேர்த்தது அல்ல. சொந்த அக்காவின் கோரிக்கையை நானே ஏற்றது. நடுநிலை தவறினேனாம். மூன்று முறை மறுத்தபோது யாருக்கும் அது உறவாகத் தெரியவில்லை.

விழுமியம் திரையில் வந்து, நம் விழுமியங்கள் என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் என் கணினி அணைந்துவிட்டது. வாசல் அட்டையும் வேலை செய்யவில்லை. வெளியே போவதற்கே காவலாளி கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த முதல் உறையிலிருந்து. "காப்பீடு?" என்றாள். பணி நீக்கக் கடிதம் என் கையில் கிடைக்கும் நாள் வரை என்றேன். தபாலில் வருகிறது.

ஏப்ரல் 2, புதன்

கடிதம் வரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மனிதவளப் பிரிவு அம்மா போனில் கூப்பிட்டார். கடிதம் இரண்டு முறை திரும்பிவிட்டதாம். கம்பெனிப் பதிவேட்டில் இருப்பது என் பழைய தெரு. அங்கே பூங்கா. நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாசல் அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டார்களே என்றேன். புது அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அது வேலையில் இருப்பவர்களுக்குத்தான் என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நீங்க இப்ப வேலையில இருக்கீங்களா சார்?" என்று கேட்டார். கடிதம் கிடைக்கிற வரைக்கும் இருக்கிறேன் என்றேன்.

மே 6, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து வண்டி எங்களை வாசலிலேயே இறக்கிவிட்டது. அக்காவுக்குக் கால் வீக்கம் வடிந்து பழைய செருப்பு மறுபடி சேர்கிறது. மத்தியானம் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பட்டன் தைக்கிற வேலை என்னுடையது.

மூன்று மணிக்குப் போன். கூரியர்காரர். குரலில் களைப்பு. கம்பெனியிலிருந்து ஒரு கடிதம், ஐந்தாவது தடவையாக வந்திருக்கிறாராம். பழைய தெருப் பெயரைச் சொல்லி, "இந்தத் தெரு எங்க சார் இருக்கு? ஒரு மணி நேரமா சுத்தறேன்," என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே எங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார், கையில் நீள உறையோடு.

அக்கா தையலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்படி ஒரு தெரு இங்க இல்லீங்க," என்றேன். "ஆய்வாளரே வந்து பார்த்துட்டுப் போயிட்டாரு."

அக்கா அரை டம்ளர் தண்ணீர் எடுத்து என்னிடம் நீட்டினாள். "வெயில்ல நிக்கறாரு பாவம். இதைக் கொண்டு போய்க் குடு. உன் பேரை மட்டும் சொல்லிடாத."