எதால் வகுபடும்?

வண்ணார்பேட்டை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையில் இங்கே உங்கள் அம்மாவும் நானும் இருக்கிறோம். அத்தைக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது, குழாயில்தான் வருவதில்லை. மஸ்கட்டில் வெயில் எப்படி என்று கேட்க நினைத்தேன். கேட்டு என்ன ஆகப்போகிறது.

நீங்கள் ஓடவிட்டுப்போன கம்ப்யூட்டர் செவ்வாய்க்கிழமை வேலையை முடித்துவிட்டது. இப்போதிருக்கும் நாலு கோடி இலக்க எண்ணையும் தாண்டி, உலகத்திலேயே பெரிய பகா எண் நம் வீட்டிலிருந்து வரும் என்றீர்கள். வரவில்லை.

அத்தையிடம் ரிசல்ட் வந்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன். அவர்கள் அதை நீங்கள் எழுதிய பரீட்சை என்று எடுத்துக்கொண்டு, இன்று ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்துவிட்டார்கள். மஸ்கட்டில் இருக்கும் எஸ்றா பரீட்சையில் தேறியதற்காக என்று சபை ஐயர் வாசித்தார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகம் தானாக அதைச் செய்துகொள்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல உள்ளதைச் சொன்னேன். ஏழு, முப்பத்தொன்று போல, இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய் ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. நாலில் தொடங்கி, வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, அந்த எண்ணால் வகுத்து, மீதியை மறுபடி வர்க்கப்படுத்தி, இப்படிக் கோடிக்கணக்கான தடவை. முடிவில் மீதி சைபர் வந்தால் பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாது. சைபர் வராவிட்டால் ஏதோ ஒன்று அதை வகுக்கிறது. எது என்று இந்தச் சோதனை சொல்லாது. தேடினாலும் நம் ஆயுசில் கிடைக்காமல் போகலாம்.

“ஏட்டி, எதால வகுபடும்னே தெரியாம, வகுபடும்னு மட்டும் எப்பிடிச் சொல்லுதே?” என்று அத்தை கேலி செய்தார்கள். கணக்கு டீச்சர் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

உங்கள் வக்கீல் அனுப்பிய தாள் வியாழக்கிழமை வந்தது. அத்தைக்குத் தெரியாது. இருவரும் சம்மதித்துப் பிரிவதாகப் போட்டிருக்கிறீர்கள். காரணம், ஒத்துப்போகவில்லை. நாம் எப்போது சண்டை போட்டோம் என்று யோசித்துப் பார்த்தேன். கோதுமை தோசைக்காக ஒருமுறை. அழுகை வரவில்லை. மறுநாள் போய் ஒன்பதாம் வகுப்புத் தாள்களைத் திருத்தினேன். மரத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லவில்லை. எண்ணுக்கு வாயில்லை, உங்களுக்கு இருக்கிறது. வேறொருத்தி என்றால் பெயரைச் சொல்லுங்கள். என்னிடம் குறை என்றால் குறையைச் சொல்லுங்கள். சொல்ல ஒன்றுமே இல்லை என்றால், அத்தான், வந்துவிடுங்கள்.

கர்த்தர் உங்களுக்குச் சமாதானம் தருவாராக.

இன்றுவரை தங்கள் மனைவி,
ஸ்டெபி