காஸ்பர் சொல்லும் சண்டை

செப்டம்பர் 3, 2008

குழாயில் தண்ணீர் இல்லை. வெறுங்குடத்தோடு திரும்பினேன். வீட்டில் மாவட்ட அலுவலகத்துப் பெண் செலெஸ்தினா. வெள்ளையரை எதிர்த்த விடுதலைப் போரில் சண்டையிட்டவர்களைப் படைவீரர் தினத்தன்று மேடையேற்றிப் பதக்கம் தருகிறார்களாம். என் கணவன் காஸ்பர், மூஎதா ஊருக்குப் போகும் சாலையில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கதையில் நான் தண்ணீர் கொண்டுவந்த பெண்.

“நீங்க சமையலாம்மா, சுமை தூக்கினீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“ரெண்டும்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அலுப்புதான்.

செப்டம்பர் 4

எனக்காகவாவது எழுதி வைக்கிறேன். அன்று காஸ்பருக்கு மலேரியா. உடம்பு தூக்கிப் போட்டது, இயந்திரத் துப்பாக்கியைப் பிடிக்க முடியவில்லை. தோட்டாப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்த நான் அவனைப் பள்ளத்தில் இழுத்துப் போட்டுவிட்டுத் துப்பாக்கிக்குப் பின்னால் படுத்தேன். காயம்பட்டவர்கள் காட்டுக்குள் போய்ச் சேரும்வரை சுட்டேன். பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

செப்டம்பர் 11

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

“அது என் சண்டை, காஸ்பர்.”

மரவள்ளிக் களியைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, “இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்த?” என்றான்.

முதல் தடவை அவன் அதைத் தன் சண்டையாகச் சொன்னது அவன் அம்மா முன்னால். அங்கே அவனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அப்புறம் அதுவே பழகிப்போனது.

செப்டம்பர் 12

தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 25

படைவீரர் தினம். மேடையில் காஸ்பர் வழக்கம்போல ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான்.

“அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். சுட்டது நான் இல்ல, என் பொண்டாட்டி ஜெனோவேவா. நான் பள்ளத்துல கிடந்தேன்.”

கூட்டம் சிரித்தது. கைதட்டல் வேறு. மனைவி மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள் என்று செலெஸ்தினா ஒலிபெருக்கியில் சொன்னாள். நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று அவன் சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. பதக்கத்தை அவனுக்கே குத்தினார்கள். எனக்கு இடுப்பில் கட்டும் துணி ஒன்று.

திரும்பும் வழியில் அவன், “யாரும் நம்பலையே” என்றான். இத்தனை வருஷம் நான் இருந்த இடத்துக்கு இன்றுதான் வந்திருக்கிறான்! அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். நடக்கவே தெம்பில்லை.

செப்டம்பர் 26

காஸ்பர் பாயை விட்டு எழவில்லை. கஞ்சி வைத்தேன், தொடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

அக்டோபர் 19

கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து மாமரத்தடியில் ஆண்கள் அவனைக் கதை சொல்லச் சொன்னார்கள்.

“அவகிட்ட கேளுங்க. அவ சண்டை அது.”

சிரித்தார்கள், வற்புறுத்தினார்கள். அவன் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

வீட்டுக்குப் போய்ப் படுக்கத்தான் நினைத்திருந்தேன். உட்கார்ந்தேன். தோட்டாப் பெட்டியின் கனத்திலிருந்து தொடங்கினேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள்.

துப்பாக்கிக் குழல் கையைச் சுட்டதா என்று ஒருவர் கேட்டார்.

சுட்டது என்றேன்.