சரியாய்ச் சொன்ன ரத்தம்

செவ்வாய், இரவு.

சாப்பாடு இறங்கவில்லை. லாரி மோதி எங்கள் ஐசியூவில் கிடக்கும் சதுரங்கப்பட்டினத்து மீனவருக்கு இன்று ரத்தமெல்லாம் கிருமி பரவிவிட்டது.

அவர் எதிர்ப்பு சக்தி சரிவதை, தொற்று வரப்போவதை முன்கூட்டியே சொல்லுமா என்று நாங்கள் ஆய்வு செய்யும் ரத்தப் பரிசோதனை முந்தாநாளே காட்டியது. "ஐசியூ டாக்டருங்ககிட்ட சொல்லிடலாம் சார்" என்றேன். "சொன்னா அவங்க மருந்தை மாத்துவாங்க, ஸ்டடி கெட்டுடும்மா" என்றார் ஆய்வை நடத்தும் புரொஃபசர்.

இன்று ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "பாத்தியா, நம்ம டெஸ்ட் கரெக்டா சொல்லிடுச்சு!" என்று பல்லைக் காட்டினார். அதே சிரிப்போடு வெளியே போனார்.

ஐசியூ வாசலில் நின்ற மீனவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய டாக்டரு சிரிச்சிகினு போறாரே மேடம். எங்க வூட்டுக்காரு பொழச்சிக்கினாரா?"